தன்கி என்ற சொல்லும் ஒரு பச்சை அட்டைப் புத்தகமும்

பக்கத்து வீட்டு லூர்துமேரி இன்று காலை அவள் மகனுடைய பழைய பள்ளிப் புத்தகங்களைக் கொல்லையில் குவித்துக் கொளுத்திவிட்டாள். பரீட்சை முடிந்துவிட்டதாம், வைத்திருந்தால் கரையான் வருகிறதாம். நான் இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெறும் காகிதம் எரிந்தால் ஒரு வாசனை. அட்டையும் அதன் முதுகில் தடவிய பசையும் சேர்ந்து எரிந்தால் அது வேறு. மாட்டுக் கொம்பைத் தீயில் காட்டியதுபோல ஒரு நாற்றம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு வேலியோரம் போனேன்.

"எரிக்காதலா மேரி, யாருக்காச்சும் குடுக்கலாம்ல" என்றேன்.

"எல்லாம் பழைய பாடம்க்கா. இனிமே யாரு படிக்கப்போறா?" என்றாள் அவள்.

அவள் சொல்வது நியாயம்தான். நான் என்னவோ பெரிய புத்தகப் பிரியை மாதிரி அறிவுரை சொல்லப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் எரித்தது ஒரே ஒரு புத்தகம். அது இன்னும் என்னை விட்டபாடில்லை. பிள்ளைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். அலுப்பாக இருந்தால் நடுவில் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கல்யாணமானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். அப்பாவுக்குத் தைப்பிங் ரயில் நிலையத்தில் கொடி காட்டும் வேலை. அந்தப் புண்ணியத்தில் நான் கன்னிமார் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தேன். அதை ஒரு பெரிய தகுதியாகச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் சின்னக் கிராணி. தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவரைக் கிராணி என்போம். அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எழுதலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். விரலும் மறுக்கிறதே, என்ன செய்ய? ஆகவே இதில் அவர் என்று வந்தால் அவர்தான்.

முதல் மூன்று மாதம் நாங்கள் இருவரும் பேசிய பேச்சை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். விடியுமுன்னே அவருக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்கு அங்கே அதுதான் பெயர். அதன்பிறகு ஆபீஸ். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவார். "உப்பு போதுமா?" என்பேன். "போதும்" என்பார். கல்யாணம் என்றால் இதுதான்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. சீமைக்குத் திரும்பிப் போகும் துரைமார் தங்கள் சாமான்களை ஏலம் விட்டுவிட்டுப் போவது வழக்கம். நாற்காலி, கொசுவலை, பூனைக்குட்டிவரை ஏலம் போகும். அவர் ஒரு ஏலத்தில் ஒரு பெட்டிப் புத்தகத்தை வாங்கிவந்தார். பெட்டிக்கு அடியில் கிடந்தது பச்சைத் துணி ஒட்டிய அட்டையுடன் ஒரு மெல்லிய புத்தகம். எஸ்பெராந்தோ. யாருடைய சொந்த பாஷையும் இல்லையாம், எல்லாரும் பேசட்டும் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கியதாம். புத்தகத்தின் பின்பாதி முழுவதும் ஐந்து வரிசை. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஐந்து நாட்டு பாஷைகளில் அர்த்தம் போட்டிருந்தது. கடைசித் தாளில் கடிதம் எழுதிக்கொள்ள விரும்புகிறவர்களின் விலாசங்கள் இருந்தன.

அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் சமைக்கும்போது பலகையை இழுத்துப்போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு வினைச்சொல்லைச் சொல்வார். அது எந்த ஊரிலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டும்.

"திரின்கி. குடிக்கிறது. எந்த ஊரு?"

"வெள்ளைக்காரன் ஊரு."

"எந்த வெள்ளைக்காரன்?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் வெள்ளையாத்தானே இருக்கான்."

அவர் சிரிப்பார். ஜெர்மன்காரன் இப்படிச் சொல்வான், பிரெஞ்சுக்காரன் அப்படிச் சொல்வான், ரோமாபுரியில் முந்தி இப்படி இருந்தது என்று கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிச் சாம்பலில் கோடு போட்டுக் காட்டுவார். நான் ஒருநாள் கேட்டேன், "இதுல நம்ம வார்த்தை ஒண்ணு இருக்கா?" என்று. "இதுவரைக்கும் கண்ணுல படல" என்றார். "அப்புறம் என்ன ஒலக பாஷை?" என்றேன். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்த பாஷையைப் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறே மாதத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்க வந்துவிட்டது. எங்களுக்குள் பேச்சும் வந்துவிட்டது.

விலாசப் பட்டியலிலிருந்து அவர் பிடித்தவர் போலந்து நாட்டில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பெயர் நம் வாயில் நுழையாது, அதனால் வீட்டில் போலந்து வாத்தியார் என்றே சொல்லிக்கொண்டோம். வாத்தியார் தன் ஊர்ப் பனியைப் பற்றியும், மனைவியின் இருமலைப் பற்றியும், வெள்ளரிக்காய் ஊறுகாயைப் பற்றியும் எழுதுவார். வெள்ளரிக்காயில் போய் ஊறுகாய் போடுவார்களா என்று நான் வியந்தேன். கடிதம் வந்து சேர ஒன்றரை மாதம் ஆகும். வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து படிப்போம்.

இப்போது தன்கி என்ற சொல்லுக்கு வரவேண்டும். நன்றி சொல்வது என்று அர்த்தம். இதற்கு எந்த ஊர் என்று அவர் கேட்டபோது நான் வழக்கம்போல உளறினேன். ஜெர்மன் என்றார். ஜெர்மன்காரன் தன்கே என்பான், இங்கிலீஷ்காரன் தேங்க் என்பான், இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்றார். அந்த வேருக்கு ஆதியில் நினைத்தல் என்றுதான் பொருளாம். ஒருவர் செய்ததை மனசில் வைத்துக்கொள்வது என்பதிலிருந்து நன்றி சொல்வது ஆகியிருக்கிறது என்றார்.

நான் அரிசி களைந்துகொண்டே, "இதுல என்ன அதிசயம்? நம்ம லயத்துலயும் அப்படித்தானே" என்றேன். லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்களுடைய சொல். தோட்டத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து கஷாயம் வாங்கிப்போகிறவள், "ஒங்கள மறக்க மாட்டேம்மா" என்றுதான் சொல்வாள். அவர் எழுந்து பேனாவைத் தேடினார். "இத வாத்தியாருக்கு எழுதப் போறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது போலந்துவரைக்கும் போகிறதே என்று அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு அரிசியைக் களைந்திருக்கலாம்.

பதில் வந்தது. வந்தது எங்கள் கைக்கு அல்ல. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஒரே தபால் பையில்தான் வரும். அந்தப் பையின் சாவி துரையிடம் இருக்கும்.

எங்கள் துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெரிய சண்டையில் பிடிபட்டு ஜெர்மன்காரனுடைய சிறையில் இரண்டு வருஷம் கிடந்தவர் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். பங்களாவில் பாத்திரம் கழுவும் அஞ்சலை சொல்வாள், ஒருநாள் சமையல்காரக் குக்கி முள்ளங்கி சூப் வைத்துவிட்டானாம், துரை தட்டோடு சுவரில் வீசிவிட்டாராம். சிறையில் தினமும் அதுதானாம். ரொட்டித் துணுக்கு மேசையில் விழுந்தால் பொறுக்கித் தின்றுவிடுவாராம். கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அதற்கு முன் வந்தவற்றைப் பிரிக்காமலே கொடுத்த துரை, இந்தக் கடிதத்தின் தடித்த உறையையும் வெளிநாட்டுத் தபால்தலையையும் பார்த்துப் பிரித்துவிட்டார். போலந்து வாத்தியார் என் பேச்சைப் படித்துச் சந்தோஷப்பட்டு, அந்த ஒரு சொல்லைப் பற்றியே மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். எங்கள் போலந்துச் சொல்லும் ஜெர்மன்காரனிடமிருந்து வந்ததுதான், பாருங்கள், எல்லாரும் நினைத்துக்கொள்வதைத்தான் நன்றி என்கிறோம் என்று. மூன்று பக்கத்திலும் தன்கி, தன்காஸ், தன்கோ என்று வரிக்கு வரி இருந்ததாம், போலீசில் அதை வாசித்துக் காட்டிய அவர் பிறகு சொன்னது. இரண்டு வருஷம் ஒவ்வொரு ரொட்டித் துண்டுக்கும் ஜெர்மன்காரனிடம் அந்தச் சொல்லைச் சொல்லி வாங்கித் தின்ற மனிதர் அதைப் பார்த்தால் என்ன ஆவார்?

ஆபீசில் நடந்ததை அங்கே இருந்த மாரிமுத்துத் தண்டல் பிறகு என்னிடம் சொன்னார். தண்டல் என்றால் வேலையாட்களுக்கு மேலே நின்று வேலை வாங்குபவர். ஐம்பது வயது, எங்கள் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். துரை கடிதத்தை மேசைமேல் தட்டி, "இது ஜெர்மன்காரன் வார்த்தை. எனக்குத் தெரியும். நீ யாருக்கு எழுதுறே?" என்று கேட்டிருக்கிறார். இந்த இடத்தில் வேறு எந்தக் கிராணியாக இருந்தாலும், தெரியாதுங்க தொரை, தப்புத்தான் தொரை, இனிமே எழுத மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவரிடம் ஒரு சொல்லின் பூர்விகத்தை யாராவது கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"ஆமாங்க தொரை, ஜெர்மன்லேருந்துதான் வந்துச்சு. ஒங்க இங்கிலீஷ்ல தேங்க்னு சொல்றீங்களே, அது இதுக்குக் கூடப் பொறந்தது" என்றாராம்.

துரையின் முகம் வெளுத்துவிட்டது என்றார் தண்டல். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஒரு சீட்டு எழுதி, கடிதத்தையும் வைத்து மடித்து, அவரை ஸ்டோர் லாரியில் ஏற்றி நேராக ஈப்போப் போலீசுக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் கேட்டதற்கு விடவில்லை.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பதினோரு மணிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். தண்டல் மூச்சு வாங்க வந்து வாசலில் நிற்கிறார்.

"கிராணியம்மா, ஐயாவப் போலீசுக்கு அனுப்பிட்டாங்க. ஏதோ காயிதமாம். வீட்டுல வேற ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குண்ணே. பெட்டி நெறைய இருக்கு."

"தேடி வருவாங்கம்மா. காயிதம் இருந்தாத்தான் கேசு. போன வருசம் அந்தப் பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் வீட்டுல என்னமோ நோட்டீசு இருந்துச்சுன்னு கப்பலேத்தி ஊருக்கே அனுப்பிட்டான். பொண்டாட்டி புள்ள இங்க, அவன் அங்க. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக் களத்துப் பக்கமாக நடந்தார்.

படிச்சவங்க. நாலாம் வகுப்பு. காயிதம் இருந்தால்தான் கேசு என்பது அந்த நாளில் தோட்டத்தில் எல்லாரும் நம்பிய ஒன்று. போலீஸ் என்ற பேச்சு அடிபட்டாலே லயத்தில் அடுப்புகள் புகைய ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூட எரித்தவர்கள் உண்டு. நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து எதுவாக இருந்தாலும் அது நம்மைப் பிடித்துக்கொடுக்கும் என்ற பயம். எனக்கு வாசிக்கத் தெரியும். அதில் வெள்ளரிக்காயும் இருமலும்தான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும், அவரைக் கப்பலில் ஏற்றி நான் கரையில் நிற்பதுபோல ஒரு காட்சி கண்முன்னே வந்தது. அதற்குப் பிறகு எனக்கு யோசனை ஓடவில்லை.

தகரப் பெட்டியைத் திறந்தேன். முதலில் கடிதங்கள். உறையோடு போட்டேன், நொடியில் போய்விட்டன. புத்தகம்தான் எரியவில்லை. பச்சைத் துணி கருகிச் சுருண்டதே தவிரத் தீ உள்ளே போகவில்லை. இடுக்கியால் வெளியே இழுத்து, முதுகைப் பிளந்து, பத்துப் பத்துத் தாளாகக் கிழித்துப் போட்டேன். அந்த ஐந்து வரிசையும் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் போனது. பசை உருகி அந்த நாற்றம் வீடு முழுக்க நின்றது. கை முட்டிவரைக்கும் கரி. கீரையை அலசிய தண்ணீரிலேயே கழுவப் பார்த்தேன், போகவில்லை.

எரித்து முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து, அடுப்பில் உலைகூட வைத்தேன்.

ஒரு மணி சுமாருக்கு ஒரு வாடகை மோட்டார் வந்து நின்றது. முன்னால் ஒரு மலாய்க்கார மாத்தாமாத்தா, அப்படித்தான் போலீஸ்காரரை அப்போது சொல்வோம். பின்னாலிருந்து அவர் இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பயப்படாத. அந்த அதிகாரி நல்ல மனுசன். இப்படி ஒரு பாஷை இருக்குன்னு அவரு எங்கயோ கேள்விப்பட்டிருக்காரு. அந்த அஞ்சு வரிசையையும் பழைய கடிதத்தையும் கொண்டாந்து காட்டு, ஒப்பிட்டுப் பாத்துட்டு அனுப்பிடுறேன்னாரு. பொட்டியத் தொற" என்றார்.

நான் அசையவில்லை. அவரே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த வேட்டியை எடுத்தார், சால்வையை எடுத்தார், அடித்தகரத்தைக் கையால் தடவினார். பிறகுதான் அவருக்கு அந்த நாற்றம் உறைத்திருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்தாமாத்தா வாசற்படியில் நின்று, "பூக்கு மானா?" என்று கேட்டார். புத்தகம் எங்கே என்கிறார்.

"சாயா சுடா பாக்கார்" என்றார் இவர். தானே எரித்துவிட்டதாகச் சொல்கிறார்.

அந்த மனிதரும் முட்டாள் இல்லை. ஈப்போவிலிருந்து பத்து மைல் அந்தப் புத்தகத்தின் பெருமையைக் கேட்டுக்கொண்டே வந்தவர். அவரும் அடுப்பைப் பார்த்தார், என் கரிக் கையைப் பார்த்தார். "எப்போது எரித்தீர்?" என்று மலாயில் கேட்டார். "காலையில், பயத்தில். அதிகாரியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது" என்று இவர் சொன்னார். மாத்தாமாத்தா பெருமூச்சு விட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். மோட்டாரில் ஏறும்போது இவர் என்னிடம், "ஒலை கொதிக்குது பாரு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் காலை நான் ஆபீசுக்கு நடந்தேன். துரையிடம் போய், எரித்தது நான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடப் போகிறேன். மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். படிக்கட்டில் தண்டல் என்னை மறித்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"எரிச்சது நாந்தான்னு தொரைகிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. அப்ப ஐயா போலீசுல சொன்னது பொய்யின்னு ஆயிரும். போலீசுக்குப் பொய் சொன்னா அது தனிக் கேசு. நீங்களே அவரு கையில வெலங்கு மாட்டப்போறீங்களா?"

நான் அந்தப் படிக்கட்டில் நின்றேன். உள்ளே துரை இருமுவது கேட்டது. எட்டுப் படி ஏறினால் துரையின் முகம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஸ்டோரில் மணி அடித்தது, கித்தாப் பால் வாளிகளோடு ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்கத் தண்டலைத் திட்டிக்கொண்டே போனேன். காயிதத்தை எரிக்கச் சொன்னது இந்த வாய்தானே என்று. அவர் எரி என்று சொல்லவே இல்லை என்பது வீட்டு வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் அவர் நடந்தே வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த அதிகாரிக்குக் கோபமாம். நேற்று உன்னை நம்பினேன், இன்று நம்ப எனக்கு ஒரு காரணமும் நீ வைக்கவில்லை என்றாராம். கேசு போடவும் ஒன்றும் இல்லை, போ என்று விட்டுவிட்டார். கடைசியாக வந்த அந்த மூன்று பக்கக் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. வீட்டில் ஏற்கெனவே இன்னொரு காகிதம் காத்துக்கொண்டிருந்தது, துரையிடமிருந்து. இருபத்து நாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

அதைப் படித்துவிட்டு அவர் கேட்டது, "சோறு இருக்கா?" என்று.

மாட்டு வண்டியில் தகரப் பெட்டியும் நாலு சட்டியுமாக ஈப்போவுக்கு வந்தோம். ஓர் அச்சுக்கூடத்தில் அவருக்கு எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. பிறகு பிழை திருத்தும் வேலை. அதிலேயே முப்பது வருஷம் ஓடியது. பிள்ளைகள் பிறந்தார்கள், ஜப்பான்காரன் வந்தான், போனான். அவர் என்னைத் திட்டியதில்லை. ஏன் எரித்தாய் என்று கேட்டதும் இல்லை. நானாக மூன்று தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். மூன்று தடவையும், "விடு, அது முடிஞ்சுபோச்சு" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு வழியாகத் தீர்த்திருப்பேன். நல்லவரோடு குடும்பம் நடத்துவது சில சமயம் எவ்வளவு பெரிய தண்டனை என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஆபீஸ் இருந்த மேட்டில் சீனர் ஒருவர் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். லயங்களைப் பெயர்த்துவிட்டார்கள். தண்டலின் மக்கள் தஞ்சோங் மாலிம் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. துரை ஊருக்குப் போனாரா, இங்கேயே மண்ணானாரா தெரியவில்லை. தபால் பைக்குச் சாவி வைத்திருந்த காலமே போய்விட்டது. நல்லதுதான், அது போனதற்கு நான் அழவில்லை.

அவரும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அச்சுக்கூடத்துப் பழைய பஞ்சாங்கங்களை அவர் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். யாருக்காவது கொடுக்கலாம் என்று பிரித்தேன். நடுவில் ஒரு கடித உறை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவர் கையெழுத்தில் போலந்து வாத்தியார் பெயர், ஊர்ப் பெயர், நாட்டின் பெயர். தெருவும் வீட்டு எண்ணும் இல்லை. அவை நான் அடுப்பில் போட்ட உறைகளிலும் புத்தகத்திலும்தான் இருந்தன. மேலே மூன்று நான்கு முத்திரைகள், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிய அடையாளம். நாங்கள் ஈப்போ வந்த வருஷத்துக் கடிதம். இத்தனை காலம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போலந்து வாத்தியார் இரண்டாவது சண்டையைத் தாண்டினாரா, அவருடைய ஊர் தாண்டியதா என்பதும் எனக்குத் தெரியாது.

பிரித்தேன். ஒரே பக்கம்தான். பாதிச் சொற்கள் மறந்துவிட்டன. புத்தகமோ இல்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது எந்த ஊரிலிருந்து வந்திருக்கும் என்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்து யோசித்து வாசித்தேன். மூன்று நாள் ஆனது. வேலை போனதையும் அச்சுக்கூடத்தையும் பற்றி இரண்டு வரி. அதன்பிறகு இப்படி எழுதியிருந்தார்: உங்கள் கடிதங்களையும் புத்தகத்தையும் என் கோழைத்தனத்தால் நானே எரித்துவிட்டேன். என் மனைவி வேண்டாம் என்று தடுத்தாள். நான் கேட்கவில்லை.

இந்த ஊரில் யாருக்கும் புரியாத பாஷை. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் என்னைப் பார்த்தே இராத ஒரு மனிதர். அவரிடத்தில்கூட என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த மூன்று நாளும் நான் அழுதேன். அவர் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

பிள்ளைகளுக்கு அந்த பாஷை தெரியாது. என் காலத்துக்குப் பிறகு அது அவர்களுக்கு வெறும் காகிதம். யாராவது எங்கோ படித்தவர் ஒருவர் அதை வாங்கி வாசித்தாலும், அதில் இருப்பதைத்தான் நம்புவார். அதனால் உங்களிடம் தமிழில் சொல்லிவைக்கிறேன். நான் தடுக்கவில்லை. எரித்தது நான்தான்.